ஒரே பிறந்த தேதி

பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் நானும் ஜலஜாவும் இரட்டையர். உண்மையில் நான் அவளைவிட இரண்டு வருடம் மூன்று மாதம் பெரியவள்.

1970இல் அம்மாவுக்கு ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. டெல்லி சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் பகலில் எங்களைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. எனக்கு ஐந்து வயது, பள்ளியில் சேர்க்கலாம். ஜலஜாவுக்கு மூன்றுதான். ஆனால் வளர்த்தியான குழந்தை, என் தோளைத் தாண்டி நின்றாள். அப்பா ஓர் அஃபிடவிட் எழுதி, நோட்டரியிடம் முத்திரை வாங்கி, பள்ளியில் கொடுத்தார். அதில் இருவருக்கும் ஒரே தேதி. 12 மார்ச் 1965.

அப்பாவின் பெயர் பட்டாபி. ஓர் அமைச்சகத்தில் அப்பர் டிவிஷன் கிளார்க். ஆபீஸில் குண்டூசியைக்கூட வீட்டுக்கு எடுத்து வராதவர். தேதியை மாற்றியதை அவர் பொய்யென்று நினைக்கவில்லை.

"இதுல என்ன நஷ்டம்? ரெண்டு வருஷம் முன்னாடி ரிட்டயர் ஆவா. அவ்வளவுதானே" என்றாராம் அம்மாவிடம். ரிட்டயர் ஆகப்போகிறவள் அப்போது தரையில் உட்கார்ந்து சப்பாத்தி மாவைத் தின்றுகொண்டிருந்தாள்.

வெளியில் அவள் என்னை அக்கா என்று கூப்பிடக் கூடாது. ருக்கு என்றுதான் கூப்பிட வேண்டும். வீட்டுக்குள் அக்கா. மூன்று வயதுக் குழந்தை இதை ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டது.

கொஞ்ச நாள் கழித்துத் தேதியைத் திருத்திவிடலாம் என்று அப்பா நினைத்திருந்தார். அதற்குள் அவருடைய செக்ஷனில் சேஷு மாமாவை சஸ்பெண்ட் செய்தார்கள். போகாத கன்னியாகுமரிக்குப் போனதாக விடுமுறைப் பயணப் பில் போட்டிருந்தார். எட்டு மாதம் வீட்டில் இருந்தார். மாலையில் பால் பூத் வரிசையில் அவர் நின்றால் மற்றவர்கள் தள்ளி நின்றார்கள். அதற்குப் பிறகு அப்பா தேதியைப் பற்றிப் பேசவில்லை. அம்மா ஒருமுறை கேட்டதற்கு, "திருத்தணும்னா முதல் அஃபிடவிட் பொய்யின்னு நானே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணும். என்னை வீட்ல உட்கார வைக்கணுமா?" என்றார்.

ஜலஜா படிப்பில் எப்போதும் கடைசி. இரண்டு வயது பெரியவர்களோடு உட்கார்ந்திருந்தவளுக்கு வேறு இடம் கிடைத்திருக்க வழியில்லை. அவளுடைய வீட்டுப்பாடத்தை நான்தான் எழுதினேன். எட்டாம் வகுப்பில் விளையாட்டு ஆசிரியர் கயிறு கட்டிப் பெண்களைத் தாண்டச் சொன்னார். கயிற்றை ஏற்றிக்கொண்டே போனார். கடைசியில் ஜலஜா மட்டும் நின்றாள்.

அந்த வருடமே ஸ்டேடியத்தில் உயரம் தாண்டப் பயிற்சி தரும் ராணா சாரிடம் சேர்த்தார்கள். ராணா ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஹிந்தியைத் தவிர வேறு பேசமாட்டார். கெட்டவர் இல்லை. பெண்களை "பேட்டி", அதாவது மகளே, என்றுதான் கூப்பிடுவார். காலை ஐந்தரைக்கு நானும் துணைக்குப் போவேன். அவள் தாண்டுவாள். நான் ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டு படிப்பேன்.

1982 ஆசிய விளையாட்டுப் போட்டி டெல்லியில் என்று முடிவாகி, 1980இலேயே ஊர் முழுக்கத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். காலனியில் எல்லோருக்கும் விளையாட்டு தெரிந்துவிட்டது. அம்மா ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் அப்பளம் வாங்கப் போனால், கடைக்காரர் "பொண்ணு இன்னிக்கு எவ்ளோ தாண்டிச்சு?" என்று கேட்டார். அப்பாவின் அண்டர் செக்ரட்டரி கஸ்தூரிரங்கன் ஆபீஸ் லிஃப்டில், ஆறு பேர் முன்னால், அப்பாவின் தோளில் கைவைத்துச் சொன்னார்:

"பட்டாபி, ஜனவரியில கேம்ப்புக்கு செலக்ஷன். அதுல மட்டும் வந்துட்டாள்னா போறும். பதினெட்டு முடிஞ்ச அன்னிக்கே ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேலை. நான் பார்த்துக்கறேன்."

அப்பா அதை அன்று இரவு சாப்பாட்டின்போது மூன்று தடவை சொன்னார். தோளில் கைவைத்ததையும் சொன்னார். பிறகு அம்மாவிடம், "பார்த்தியா, ஒரே தேதி போட்டது எவ்வளவு நல்லதாப் போச்சு. 83லயே பதினெட்டு" என்றார்.

1980 நவம்பரில் பள்ளிகளுக்கிடையே போட்டி நடந்தது. பதினாறு வயதுக்குட்பட்டோர் பிரிவில் ஜலஜா ஒரு மீட்டர் நாற்பத்து மூன்று தாண்டி மூன்றாவதாக வந்தாள். பக்கத்து மணல் குழியில் பதினான்கு வயதுக்குட்பட்டவர்கள் தாண்டினார்கள். முதலாவதாக வந்த பெண் ஒரு மீட்டர் இருபத்தெட்டு. அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். ஜலஜா ஷூவைக் கழற்றிக்கொண்டே பார்த்தாள்.

"அந்தப் பொண்ணுக்கு என்ன வயசு?"

"பதிமூணாம்" என்றேன்.

"எனக்கும்தான்" என்றாள். உடனே சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டாள்.

ராணாவுக்கு மூன்றாம் இடம் போதவில்லை. "பதினைந்து வயதுப் பெண்ணுக்குக் காலில் இவ்வளவுதான் பலமா?" என்றார். மறுநாள் மணல் மூட்டை வந்தது. பன்னிரண்டு கிலோ. அதைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து எழ வேண்டும். பிறகு மரப்பெட்டியின் மேலிருந்து குதித்து, தரையைத் தொட்ட வேகத்தில் அடுத்த பெட்டிமேல் ஏற வேண்டும். அதன்பின் நாற்பது தாண்டல்.

டிசம்பர் முதல் வாரத்தில் அவளுக்கு இடது முட்டிக்குக் கீழே ஒரு கட்டி வந்தது. எலும்பே வெளியே தள்ளியதுபோல் இருந்தது. தொட்டால் துடித்தாள். அம்மா பத்து போட்டாள். ராணா கிரேப் பேண்டேஜை இறுக்கிச் சுற்றி, "எல்லாப் பெண்களுக்கும் வருவதுதான். கேம்ப்பில் இடம் கிடைத்தால் வலி போய்விடும்" என்று சிரித்தார். மற்ற பெண்களும் சிரித்தார்கள். அவர்களுக்கும் கால்களில் பேண்டேஜ் இருந்தது.

"மதராசி ராணிக்கு மட்டும்தான் வலிக்குமா?" என்றாள் சுமன் என்ற பெண். முதல் இடம் வாங்கியவள். பதினைந்து முடிந்தவள், மேலுதட்டில் பூனைமயிர் தெரியும். ஜலஜா எழுந்து மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

சாமான் அறையில் ராணா ஒரு தாளை ஒட்டியிருந்தார். ஆங்கிலத்தில் டைப் செய்தது. எந்த வயதுக்கு எவ்வளவு பயிற்சி என்ற அட்டவணை. அவருக்கு அது வேதம். ஒருநாள் மழைக்கு அங்கே ஒதுங்கியபோது படித்தேன். பதினைந்து வயதுக்கு எதிரே பன்னிரண்டு கிலோ, பெட்டி, நாற்பது தாண்டல் எல்லாம் இருந்தது. அவர் ஓர் எண்ணைக்கூடக் கூட்டவில்லை. பதினான்குக்குக் கீழே என்ற கட்டத்தில் எடை கிடையாது, பெட்டி கிடையாது, வாரத்துக்கு இருபது தாண்டல் என்று இருந்தது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அதெல்லாம் ரஷ்யாக்காரிக்குப் போட்ட கணக்கு. நம்ம குழந்தைகளுக்கு அதைவிட சகிப்பு உண்டு."

"அப்பா, அவளுக்குப் பதிமூணு."

பேப்பரைத் தாழ்த்தினார். முதலில் ஜன்னலைப் பார்த்தார், பிறகு என்னை.

"மெதுவாப் பேசு. யாருக்குப் பதிமூணு?"

நான் ஜன்னலைச் சாத்தினேன்.

"ராணாகிட்ட ஏதாவது உளறினியா?"

"இல்லைப்பா."

"சொன்னா அவன் என்ன பண்ணுவான்? பர்த் சர்ட்டிஃபிகேட் கொண்டான்னுவான். ஸ்கூல்ல கேப்பான். ஸ்கூல் என் ஆபீஸுக்கு எழுதும். அப்புறம் நானும் சேஷுவும் சேர்ந்து பால் வாங்கப் போகலாம்." பேப்பரை மறுபடி தூக்கிக்கொண்டார். "ஜனவரி வரைக்கும்தானே. பல்லைக் கடிச்சிண்டு இருக்கச் சொல்லு."

ஜலஜாவிடம் சொன்னேன். அவள் கட்டிலில் படுத்து முட்டியின்மேல் ஈரத்துண்டைப் போட்டிருந்தாள்.

"அக்கா, கேம்ப்புல ஹாஸ்டல் உண்டாம். ஸ்கூலுக்கே போகவேண்டாமாம்" என்றாள். "பல்லைக் கடிச்சுக்கறேன்."

தேர்வு ஜனவரி பதினெட்டாம் தேதி. பனி விலகவில்லை. கம்பத்திலிருந்து இருபது அடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. கஸ்தூரிரங்கன் மப்ளரும் தெர்மாஸுமாக வந்திருந்தார். அப்பா அவருக்குப் பின்னால் நின்றார். அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை.

ஜலஜா ஒரு மீட்டர் நாற்பதைத் தாண்டினாள். நாற்பத்து நான்கைத் தாண்டினாள். அப்போதே இறங்கியதும் சிறிது நேரம் எழவில்லை. ராணா குனிந்து ஏதோ கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். நாற்பத்தேழுக்குக் கம்பை ஏற்றினார்கள். சுமன் தாண்டிவிட்டாள்.

"ஜலஜா, கமான்!" என்றார் கஸ்தூரிரங்கன். அப்பாவும் "கமான்" என்றார். அதுவரை நான் அவர் வாயில் கேட்டிராத சொல்.

அவள் பனிக்குள்ளிருந்து ஓடி வந்தாள். இடது காலை ஊன்றினாள். ஈரக் குச்சி முறிவதுபோல் ஒரு சத்தம். கம்பு விழவில்லை. அவள் கம்புக்கு முன்னாலேயே விழுந்தாள்.

அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து, ஸ்ட்ரெச்சரிலேயே ஓர் அறையில் போட்டார்கள். டாக்டர் இளைஞர், பஞ்சாபி. நர்ஸின் பெயர் சாந்தகுமாரி, நாகர்கோவில்காரி. நாங்கள் தமிழ் பேசுவதைக் கேட்டு அவள் பக்கத்திலேயே நின்றாள்.

"வயசு?" என்றார் டாக்டர்.

"பதினைந்து" என்றார் அப்பா. ஆங்கிலத்தில், பிறந்த தேதியையும் சேர்த்துச் சொன்னார்.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார். "வளர்கிற இடத்தில் உடைந்திருக்கிறது. இந்தக் கோடு இந்த வயதில் மூடியிருக்க வேண்டும். இவ்வளவு திறந்து இருக்கிறதே" என்றார்.

ஜலஜா காலை அசைத்துவிட்டாள் போலிருக்கிறது. "அக்கா!" என்று கத்தினாள். "அக்கா, வலிக்கறதுக்கா!"

"இது யாரு, மூத்தவளா?" என்றாள் சாந்தகுமாரி.

"ரெட்டை" என்றார் அப்பா.

"ரெட்டையில ஏது சார் அக்கா?"

"இவ கால் மணி முன்னாடி பொறந்தா. அதான் அப்படிக் கூப்பிடுவா, செல்லமா."

சாந்தகுமாரி என்னையும் ஜலஜாவையும் மாறி மாறிப் பார்த்தாள். டாக்டர் அவளிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். அவள் அப்பாவிடம் திரும்பி, "சார், கொஞ்சம் வெளிய நில்லுங்க. பொம்பளப் பிள்ளைங்க சமாச்சாரம் கேக்கணும்" என்றாள். அப்பா உடனே வராந்தாவுக்குப் போய்விட்டார். அந்த மாதிரிப் பேச்சு வரும் இடத்தில் அவர் நிற்கமாட்டார். நர்ஸ் கதவைச் சாத்தினாள்.

"ஏ பிள்ள, நல்லாக் கேட்டுக்க" என்றாள் சாந்தகுமாரி என்னிடம். "ஒந் தங்கச்சி பெரிய மனுஷி ஆயிட்டாளா? ஆகி ரெண்டு வருஷம் ஆச்சுன்னா எலும்பு வளர்ந்து முடிஞ்சாச்சு, மாவுக்கட்டு போதும்ங்கிறாரு. ஆகலைன்னா இன்னும் வளரும். அப்ப ஆபரேஷன் பண்ணி நிமித்தணும், பெரிய டாக்டரக் கூப்பிடணும், வருஷக்கணக்கா பாக்கணும். எது உண்மையோ அதச் சொல்லு. அப்பா இங்க இல்ல."

ஜலஜா ஸ்ட்ரெச்சரிலிருந்து என்னைப் பார்த்தாள். அழுகையை நிறுத்தியிருந்தாள். பத்து வருடமாக எந்தக் கேள்விக்கும் எங்கள் இருவருக்கும் சேர்த்து நான்தான் பதில் சொன்னேன்.

"ஆயாச்சு" என்றேன். "எனக்கு ஆன மாசமே அவளுக்கும்."

"எப்போ?"

"பன்னிரண்டு வயசில."

சாந்தகுமாரி டாக்டரிடம் சொன்னாள். அவர் எக்ஸ்ரேயை உறையில் போட்டார்.

பயத்தால் சொன்னேன் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அப்பாவின் வேலை, சேஷு மாமா, பால் பூத். ஆனால் அந்த அறையில் அதெல்லாம் நினைவுக்கு வந்ததாகத் தெரியவில்லை. பத்து வருடமாகச் சொன்னதைச் சொன்னேன். நான்கு மாதமாக எல்லோரும் அவளைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

மாவுக்கட்டு எட்டு வாரம். ராணா ஒருநாள் சாத்துக்குடிப் பையோடு வந்தார். கட்டின்மேல் தட்டிப் பார்த்தார்.

"எலும்பில் சத்தே இல்லை. முட்டைகூடச் சாப்பிடாமல் எப்படித் தாண்டுவது?" என்று அம்மாவிடம் வருத்தத்தோடு சொன்னார். "அட்டவணைப்படிதான் கொடுத்தேன். இதே அட்டவணையில் சுமன் ஒன்று ஐம்பத்திரண்டு தாண்டுகிறாள்."

அம்மா அவருக்குக் காபி கொடுத்தாள்.

கட்டைப் பிரித்த பிறகு ஜலஜா நடந்தாள். கோடையில் ஓடியும் பார்த்தாள். பிறகு வலது கால் வளர்ந்தது. இடது கால் ஒரு பக்கம் மட்டும் வளர்ந்தது. முதலில் பாவாடை ஒரு பக்கம் தரையில் இழுபட்டது. அம்மா கீழ் மடிப்பை ஒரு பக்கம் மட்டும் ஏற்றித் தைத்தாள். அடுத்த பொங்கலுக்குள் இடது கால் வில்போல் வெளியே வளைந்துவிட்டது.

அவள் பெரியவளானது 1982 ஏப்ரலில். அம்மா குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் வெளியே வரவில்லை. காலனியில் யாருக்கும் சொல்லவில்லை. இரட்டையில் ஒருத்திக்கு இத்தனை வருடம் தாமதம் என்றால் கேள்வி வரும். புட்டு இல்லை, புடவை இல்லை. ஜலஜா என்னை அழைத்துத் துணி கேட்டாள். "ருக்கு" என்று கூப்பிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதலே வீட்டிலும் அப்படித்தான் கூப்பிட்டாள்.

நவம்பரில் கஸ்தூரிரங்கன் வீட்டில் கலர் டீவி வாங்கினார்கள். ஆசிய விளையாட்டைப் பார்க்கக் காலனியே அங்கே உட்கார்ந்தது. எங்களையும் கூப்பிட்டார்கள். கஸ்தூரிரங்கன் ஜலஜாவுக்கு நாற்காலி போடச் சொன்னார். மற்றவர்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதன்பின் அவர் அப்பாவின் தோளில் கைவைக்கவில்லை.

1983இல் பதிவேட்டின்படி எங்களுக்குப் பதினெட்டு முடிந்தது. அப்பா ஒரு விண்ணப்பத்தோடு வந்தார். சந்தோஷமாக இருந்தார். பல நாளாக அவரை அப்படிப் பார்க்கவில்லை.

"ஊனமுற்றவாளுக்கு கிளார்க் போஸ்டுல தனி ஒதுக்கீடு இருக்கு. நிறைய பேருக்குத் தெரியறதே இல்லை. ஸ்போர்ட்ஸ் கோட்டாவைவிடப் போட்டி கம்மி. மெடிக்கல் போர்டு நாற்பது பர்சன்ட்னு எழுதிக் கொடுத்தா போறும்."

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அறைக்குள் போனாள். ஜலஜா விண்ணப்பத்தை வாங்கிப் படித்தாள். பிறந்த தேதி, தகப்பனார் பெயர், ஊனத்தின் வகை. எல்லாவற்றையும் அப்பா பென்சிலால் நிரப்பியிருந்தார்.

"எப்போ போகணும்?" என்று மட்டும் கேட்டாள்.

அவள் அப்போது நேராக நடக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். மார்க்கெட் வாசலில் உட்காரும் மோச்சியிடம் இடது செருப்புக்கு இரண்டு அட்டை கூடுதலாக வைத்துத் தைத்துக்கொண்டாள். கல்லூரி விட்டு வந்ததும் மொட்டைமாடியில் ஒரு கோட்டின்மேல் நடந்து பழகுவாள். வளைவு தெரியாது. கொஞ்சம் மெதுவாக நடக்கிற பெண் என்று தோன்றும், அவ்வளவுதான். அதற்கு ஒரு வருடம் ஆகியிருந்தது.

மெடிக்கல் போர்டு நாளன்று ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். கட்டை ஊன்றியவர்கள், கைவண்டியில் வந்தவர்கள். அப்பா ஜலஜாவை ஓரமாக அழைத்துப் போனார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"செருப்பை இங்கேயே விட்டுட்டுப் போ. உள்ளே போறச்சே கொஞ்சம் சாஞ்சு நட. முட்டியில கை வெச்சுக்கோ. நீ ஒண்ணும் பொய்யா பண்ணலை. இருக்கறதைக் காட்டறே, அவ்வளவுதான்."

"சரிப்பா" என்றாள்.

செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். பியூன் பெயரைக் கூப்பிட்டான். கதவு திறந்திருந்தது. உள்ளே மேஜைக்குப் பின்னால் மூன்று டாக்டர்கள். கதவிலிருந்து மேஜைக்குப் பதினைந்தடி இருக்கும்.

அவள் வெறுங்காலோடு, இடது காலின் முன்பாதத்தில் மட்டும் நின்று, குதிகாலைத் தரையில் படவிடாமல் நடந்தாள். முதுகு நிமிர்ந்திருந்தது. தோள் ஒரு விரல்கடைகூடச் சாயவில்லை. அப்பா கதவருகில் நின்று "சாஞ்சு, சாஞ்சு" என்று முணுமுணுத்தார். அவள் கழுத்தின் பின்பக்கம் வியர்வை ஓடியது. மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

நடுவில் இருந்தவர் டேப்பை எடுத்து அளந்தார்.

"எப்போது அடிபட்டது?"

"ஜனவரி எண்பத்தொன்று."

"அப்போது வயது?"

நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"பதினைந்து" என்றாள் ஜலஜா. திரும்பிப் பார்க்கவில்லை.

பதினெட்டு சதவீதம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அப்பா உள்ளே போய் ஏதோ சொல்லிப் பார்த்தார். "சார், பெண் நன்றாக நடக்கிறாளே, சந்தோஷப்படுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் மூன்று பேருக்கும் ஒரே சீட் கிடைத்தது. ஜலஜா ஜன்னலோரம். நான் நடுவில். அப்பா அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்தார், மறுபடி எடுத்துப் படித்தார். சஃப்தர்ஜங் தாண்டியது. பிறகு என்னிடம் சொன்னார்:

"அவ பிடிவாதம் தெரிஞ்சதுதான். நீ பெரியவ. பக்கத்துல நின்னுண்டிருந்தியே, நீயாவது எடுத்துச் சொல்லியிருக்கலாம்."

"அவ சொல்லமாட்டாப்பா" என்றாள் ஜலஜா, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி.